ஆறு பக்கத்துல ஓடுது, குளம் ஏன் நிறையல?

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் செய்தித்தாளின் முதல் பக்கத்தை யாரும் தேடுவதில்லை. உள்ளே ஒரு மூலையில் 'அணைகளின் நீர்மட்டம்' என்று சின்னதாக ஒரு கட்டம் வரும். அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி, அடவிநயினார் 132 அடி. தென்காசி மாவட்டத்து ஐந்து அணைகளின் முழு உயரம் இவை. எதிரே அன்றைய மட்டம் இருக்கும். "அடவிநயினார் நெறைஞ்சிட்டாம்" என்று ஒருவர் வாசித்ததும் கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும்.

என் அண்ணன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அண்ணன் காலமான பிறகு தரிசாகக் கிடந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையைத் திருத்தி விவசாயம் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தக் கட்டத்தை என்னிடம் நீட்டிக் கேட்டான்.

"சித்தப்பா, அடவிநயினார் பெருகிட்டாம். குண்டாறும் மறுகால் பாயுது. நம்ம குளத்துல ஆட்டுக்குட்டி குடிக்கத் தண்ணி இல்ல. ஆறு ரெண்டு மைல்ல ஓடுது. யாரை நம்பி நெல்லு போட? போர் போட்டுர வேண்டியதுதான்."

ஆழ்துளைக் கிணறு, மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். மருமகளின் நகையை அடகு வைப்பது என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. நான் 'வேண்டும்' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. "ரெண்டு நாள் என்னோட வண்டியில வா. தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணு" என்றேன். எங்கள் குளம் வீரகேரளம்புதூருக்குக் கிழக்கே, சிற்றாற்றின் கடைப்பகுதி அணைக்கட்டு ஒன்றிலிருந்து வரும் காலில் இருக்கிறது.

அந்த இரண்டு நாள் பயணத்தில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நம் இதழின் கேள்வி-பதில் பகுதியிலும் 'அணை நிரம்பியும் எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லையே' என்ற வருத்தம் அடிக்கடி கண்ணில் படுகிறது. எந்த மாவட்டத்தில் இருந்தாலும் சரி, மலையிலிருந்து இறங்கும் ஒரு சின்ன ஆற்றை நம்பியிருக்கிறவர்களுக்கு இது உதவலாம்.

ஒரு ஆறு அல்ல, ஒரு குடும்பம்

சிற்றாறு மொத்தமே சுமார் 80 கிலோமீட்டர்தான். குற்றாலம் மலையில் பிறந்து, தென்காசி வழியாகக் கிழக்கே போய், கங்கைகொண்டானைத் தொட்டுத் திரும்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. மலையில் தேனருவி, செண்பகாதேவி அருவி என்று இறங்கி, பேரருவியில் பொங்குமாகடல் என்ற பாறைக் குழிக்குள் விழுந்து, வேகம் குறைந்து வெளியே வருகிறது. நாம் குளிக்கிற தண்ணீர்தான் கீழே நெல்லுக்குப் போகிறது.

அதிகாலையில் பேரருவிக்கு முன்னால் இருக்கிற பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். "இதுக்கு மேல அணை எங்க இருக்கு?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. சிற்றாற்றின் தாய்க்காலுக்கு மேலே அணையே கிடையாது. மலையில் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர், மழை நின்றால் சில நாளில் வற்றல். தேக்கி வைத்துத் திறந்துவிட ஆளில்லை. செய்தித்தாள் கட்டத்தில் 'சிற்றாறு' என்று ஒரு வரி வராததற்குக் காரணம் இதுதான்.

அங்கிருந்து ஐந்தருவி. அதன் தண்ணீர் ஐந்தருவியாறாகத் தனியே ஓடி வந்து சேர்கிறது. பிறகு செங்கோட்டைக்கு மேற்கே கண்ணுப்புளிமெட்டில் குண்டாறு அணை. 36 அடி உயரம்தான். பெரும்பாலான வருஷங்களில் தென்மேற்குப் பருவத்தில் முதலில் நிரம்பி வழிவது இந்த அணை. அந்தத் தண்ணீர் ஹரிஹர நதியோடு சேர்ந்து வருகிறது. இவை எல்லாம் தென்காசிச் சுற்றுவட்டாரத்திலேயே சிற்றாற்றில் கூடிவிடுகின்றன. தெற்கே பழைய குற்றாலத்திலிருந்து அழுதகண்ணியாறு வருகிறது. வாயில் வந்ததும் மனதில் நிற்கிற பெயர்.

மறுநாள் பண்பொழி போனோம். திருமலைக்கோயில் படியேறி மேலே நின்றால் பள்ளிக்கூட வரைபடம் தேவையில்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். மேற்கே மலைச்சுவர். அதன் அடியில் மேக்கரை வயல்கள், அடவிநயினார் அணை. அந்த அணைக்கு வருவது அனுமன் நதி. அது தென்காசிப் பக்கம் போகாமல் வடக்கே தனிப்பாதையில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. இன்னும் வடக்கே, கடையநல்லூருக்கு மேற்கே மலையடியில் கருப்பாநதி அணை. அந்த ஆறும் அனுமன் நதியோடு சேர்ந்துதான் கீழே வருகிறது. இரண்டு கிளையும், அதாவது தெற்கிலிருந்து சிற்றாறும் வடக்கிலிருந்து அனுமன் நதியும், சந்திக்கிற இடம் வீரகேரளம்புதூர். எங்கள் குளத்துக்கான கால் பிரிவது அதற்கும் கீழே.

செய்தித்தாள் கட்டத்தில் பாதி விஷயம் இங்கேயே தெளிந்துவிட்டது. ஐந்து அணையில் கடனாவும் ராமநதியும் நம் ஆறே அல்ல. ராமநதி கடனாவில் சேர்ந்து, கடனா திருப்புடைமருதூரில் நேராகத் தாமிரபரணிக்குப் போய்விடுகிறது. அங்கே எத்தனை அடி ஏறினாலும் எங்கள் குளத்துக்கு ஒரு குடம் வராது. மிச்சம் மூன்றுதான் நமக்குச் சொந்தம்: குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி.

மலையின் முதுகில் பிரிகிற மழை

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம் விழுந்து, அச்சன்கோவில் ஆறாகப் பம்பைக்கும், கல்லடை ஆறாகக் கொல்லத்து அஷ்டமுடிக் காயலுக்கும் போய்விடும். மலைத்தொடர் தாழ்ந்திருக்கிற செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் உச்சியைத் தாண்டியும் மிச்சம் வருவதுதான் நமக்குச் சாரல். அதனால் கணவாய்க்கு அருகே இருக்கிற செங்கோட்டை, குற்றாலம், மேக்கரை நனையும். சுரண்டை தாண்டினால் வெறும் காற்றுதான். ஆடியில் எங்கள் ஊரில் கூரை ஓடு பறக்கும், தரை நனையாது.

வடகிழக்குப் பருவம் வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கிழக்கிலிருந்து வந்து மலையில் முட்டும். அப்போது மலையிலும் பெய்யும், சமவெளியிலும் பெய்யும். சின்னச் சின்ன ஓடைகள்கூட ஆற்றுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொண்டுவரும். அதனால்தான் எங்கள் முன்னோர் மேல்பகுதியில் கார், பிசானம் என்று இரண்டு போகமும், எங்களைப் போன்ற கடைப்பகுதியில் பிசானம் ஒரு போகமும் வைத்திருந்தார்கள். நெல்லின் பருவத்தை அவர்கள் தீர்மானித்தது நாள்காட்டியைப் பார்த்து அல்ல, எந்த மழை எந்தக் கிளையில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று பார்த்து.

மலை செங்குத்தாக இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. நீர்ப்பிடிப்பு சின்னது, சரிவு அதிகம். மேலே கொட்டிய மழை சிறிது நேரத்திலேயே அருவிக்கு வந்துவிடும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பிள்ளை ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. கீழே நிற்கிறவருக்கு மேலே பெய்வது தெரியாது. சீக்கிரம் வருகிற தண்ணீர் சீக்கிரம் போயும்விடும். பெரிய ஆற்றில் வெள்ளம் வாரக்கணக்கில் நிற்கலாம். இங்கே அது விருந்தாளி மாதிரி. வந்த நாளில் கவனிக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

அடி வேறு, தண்ணீர் வேறு

அடவிநயினார் அணையின் கரையில் நின்று அவன் சொன்னான்: "132 அடி சித்தப்பா. பாபநாசமே 143 அடிதான். கிட்டத்தட்ட அதே அளவு."

இது நிறையப் பேருக்கு இருக்கிற எண்ணம். அடி என்பது உயரம். ஒரு சொம்பும் ஒரு அண்டாவும் ஒரே உயரத்தில் இருக்கலாம். பாபநாசம் அணை நிரம்பினால் சுமார் 550 கோடி கன அடி தண்ணீர். அடவிநயினார் நிரம்பினால் 20 கோடி கன அடிக்கும் குறைவு. மலை இடுக்கில் கட்டியதால் உயரம் கிடைத்தது, அகலம் கிடைக்கவில்லை.

இன்னும் ஒரு கணக்கு, இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நெல்லுக்கு நடவு முதல் அறுப்பு வரை மொத்தமாக 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேவை என்று வைத்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 1.75 லட்சம் கன அடி. 20 கோடி கன அடியை அதால் வகுத்தால் சுமார் 1,150 ஏக்கர். ஒரு தடவை நிரம்பிய அணை, புதிதாகத் தண்ணீர் வராவிட்டால், அவ்வளவுக்குத்தான் தாங்கும். அதுவும் கால்வாயில் ஒரு சொட்டு வீணாகாமல் இருந்தால். அந்த அணையை நம்பியிருக்கிற வயல்களோ அதைப் போலப் பல மடங்கு.

அப்படியானால் எப்படி விளைகிறது? அணை நிரம்பி, வழிந்து, வடிந்து, திரும்ப நிரம்புகிறது. இந்த அணைகளை உண்டியல் என்று நினைக்கக் கூடாது. கைமாற்று என்று நினைக்க வேண்டும். ஆகவே 'எத்தனை அடி' என்பதைவிட 'வரத்து எத்தனை கன அடி' என்ற எண்தான் முக்கியம். விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அது 2 ஏக்கரில் 1 அடி உயரம் நிற்கும். 'வரத்து 50 கன அடி' என்று போட்டிருந்தால், அன்றைக்கு 100 ஏக்கரில் ஒரு அடித் தண்ணீர் மலையிலிருந்து இறங்கியிருக்கிறது என்று பொருள்.

வரிசையில் நிற்கிற அணைக்கட்டுகள்

அணை வேறு, அணைக்கட்டு வேறு. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல் கட்டி, தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்துக் காலில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேலே வழியவிடுவது அணைக்கட்டு. தாமிரபரணியில் இப்படி 8. அதைவிடச் சின்னதான சிற்றாற்றில் 17. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. குண்டாறு, அடவிநயினார் அணைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக இந்த ஆற்றைப் பங்கு போட்டது அணைக்கட்டுகளும் குளங்களும்தான்.

முதல் அணைக்கட்டு நிரம்பினால்தான் இரண்டாவதுக்கு. அதன் காலில் முதல் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்கு. ஆனியில் மேலே கார் நடவு நடக்கும்போது வருகிற தண்ணீரை மேல் அணைக்கட்டுகளே குடித்துவிடும். அதில் யாருடைய திருட்டும் இல்லை. அவர்கள் பயிருக்கு அது உரிமை. வழியோர அணைக்கட்டுகளில் அண்ணன் மகன் இதைக் கண்ணால் பார்த்தான். தென்காசிக்குக் கிழக்கே முழங்கால் தண்ணீர், அடுத்ததில் கணுக்கால், வீரகேரளம்புதூர் தாண்டி மணலில் ஈரம். மானூர்ப் பெரியகுளம் வரை சிற்றாற்றுத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை நன்றாகப் பெய்ய வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ஏன் என்றும் புரிந்தது.

சீவலப்பேரி வரைக்கும் போனோம். தாமிரபரணியோடு சேருமிடத்தில் சிற்றாறு ஒடுங்கிக் கிடந்தது. முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் இந்த இடம்தான். நெல் வகைகளை வரிசையாகச் சொல்கிற நூல் அது. அத்தனை நெல்லுக்கும் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்பதற்கு மேற்கே நாங்கள் கடந்து வந்த அத்தனை ஓடைகளும் சாட்சி.

கடைசி இரண்டு மைல்

திரும்பி வரும்போது எங்கள் அணைக்கட்டிலிருந்து குளம் வரையுள்ள காலில் இறங்கி நடந்தோம். மலை முதல் ஆறு வரை எல்லாம் சரியாக இருந்தாலும் கெட்டுப்போவது இங்கேதான் என்று எனக்குத் தெரியும். அவனும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நான்கு இடத்தில் கருவேலம் அடைத்திருந்தது. ஓர் இடத்தில் வீட்டுமனை போட்டவர்கள் காலை மூடி, பதிலுக்கு ஒரு சின்னக் குழாயைப் புதைத்திருந்தார்கள். குழாயின் பாதியில் மண். இன்னோர் இடத்தில் கரை உடைந்து, தண்ணீர் வந்தாலும் பள்ளத்து ஓடைக்குத்தான் போகும்.

"இதுல வெள்ளம் மூணு நாள் வந்தாலும் நம்ம குளத்துக்கு அரை நாள் தண்ணிகூட வராது" என்றான் அவனாகவே.

போர் விஷயத்தைப் பிறகு பேசினோம். எங்கள் பக்கம் அடியில் பாறை. குளம் நிரம்பிய வருஷங்களில் சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் தானாக உயரும். குளம் காய்ந்தால் கிணறும் போரும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். குளத்துக்குத் தண்ணீர் வராத இடத்தில் போர் போடுவது, வருமானம் இல்லாத வீட்டில் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவது போல. போர் எந்த இடத்திலும் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் நிலத்தில் அண்ணன் வெட்டிய கிணறு ஒன்று தூர்ந்து கிடக்கிறது. முதலில் அதைப் பார், காலைப் பார், அதன் பிறகும் தேவைப்பட்டால் நகையைப் பற்றி யோசி என்றேன்.

மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா சொல்றது கெணத்தைத் தோண்டவும் காலை வெட்டவும் ஆகுற செலவைப் பாத்துட்டுத்தான் மத்தது. நகை எங்க ஓடிரப் போகுது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

உங்கள் ஊருக்கு வேறு ஆறு இருக்கும், வேறு மலை இருக்கும். ஆனால் விதைப்புக்கோ, நிலம் வாங்கவோ, போர் போடவோ முடிவெடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்து வைத்திருங்கள். என் குளத்துக்கு வருவது எந்தக் கிளையாறு? அந்தக் கிளைக்கு மழை தருவது எந்தப் பருவம்? எனக்கு மேலே எத்தனை அணைக்கட்டு, எத்தனை குளம் வரிசையில் நிற்கின்றன? கடைசி இரண்டு மைல் காலில் தண்ணீர் வர வழி இருக்கிறதா? முதல் மூன்றுக்கும் ஊரில் மடை பார்க்கும் பெரியவர் பதில் சொல்லிவிடுவார். நான்காவதற்கு நாமே நடந்து பார்க்க வேண்டும்.

ஆவணியில் எங்கள் குளத்து ஆயக்கட்டுக்காரர்கள் பதினான்கு பேர் சேர்ந்து கருவேலத்தை வெட்டினோம். உடைந்த கரையில் மண் அணைத்தோம். கிணற்றில் தூர் எடுத்ததும் கிடைத்த கொஞ்ச ஊற்றை வைத்து அவன் அரை ஏக்கரில் கத்தரி வைத்தான். பாவூர்சத்திரம் சந்தைக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை மூட்டை போகிறது. மீதி ஒரு ஏக்கரைப் பிசானத்துக்கு உழுது வைத்திருக்கிறான். தண்ணீர் பிந்தினால் உளுந்து விதைக்க விதையும் எடுத்து வைத்திருக்கிறான். மனை போட்டவர்கள் புதைத்த குழாய் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அது எடுபட வேண்டும். அதற்காக வாரம் ஒருமுறை இரண்டு பேர் அலுவலகத்துக்குப் போய்வருகிறார்கள். அதில் ஒருவன் அவன்.